ரூட்டர் முன்னறையில இருக்கு

ஜூலை 9, புதன்

இனி லைன் எப்ப எப்ப அறுக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்கக்கான்னு ஜெபராணி சொல்லிட்டா. அதுக்குத்தான் இது. ஜவுளிக்கடையில குடுத்த டைரி, ஜனவரியிலேர்ந்து வெத்தாக் கெடந்துச்சு. பாதி வருசத்தை அப்படியே புரட்டித் தள்ளிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்துட்டேன்.

ஜெபராணி எங்க டீம் லீடர். பாளையங்கோட்டைப் பிள்ளை, என்னவிடச் சின்னவ, ஆனா அதிகாரம் அவ கையில. வேலை இதுதான்: அமெரிக்காவுல டாக்டர் பேசுறத மெஷின் கேட்டு டைப் பண்ணி வைக்கும். அது தப்பா எழுதினத நாங்க ஹெட்போன்ல கேட்டுத் திருத்தணும். நடுவுல லைன் அறுந்தா அந்த ஃபைல் வேற ஆளுக்குப் போயிரும். பாதி செஞ்சது செஞ்சதுதான், கணக்குல வராது.

போன மாசம் எங்க வீட்டுக்காரவுக மவுத்தாயி அடக்கம் பண்ணினதுலேர்ந்து லீவுல இருந்தேன். நேத்து ஜெபராணி போன் பண்ணி, "எப்பக்கா ஆபீஸ் ஐடில வருவீங்க"ன்னு கேட்டா. இத்தான்னா என்னன்னு அவளுக்குச் சொல்லிப் புரிய வச்சேன். புருசன் மவுத்தானா பொண்டாட்டி நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இருக்கணும், அந்நிய ஆம்பள கண்ணுல படக்கூடாது, வெள்ளைத் துப்பட்டி, நகை கெடயாது. "அப்ப வேலை?"ன்னா. வீட்டுக்குள்ள உக்காந்து செய்யுற வேலைதானம்மா, செய்யலாம்னேன். "ஐ ஆம் சாரிக்கா"ன்னா. எதுக்குன்னு தெரியல. சரின்னேன்.

என் கூடப்பொறந்த காக்கா வந்து கம்ப்யூட்டரத் தூக்கி உள்ளறையில வச்சுக் குடுத்தாவ. முன்ன அது முன்னறையில ரூட்டர் பக்கத்துல இருந்துச்சு, ஒயர்ல மாட்டியிருந்துச்சு. உள்ள வச்ச பொறவுதான் தெரியுது, இந்த கம்ப்யூட்டர்ல வைஃபையே கெடயாது. எங்க வீட்டுக்காரவுக ஒவ்வொரு சாமானா வாங்கிச் சேத்து அசெம்பிள் பண்ணினது. ஒயர் இருக்கும்போது வைஃபை எதுக்குன்னு வுட்டிருப்பாவ.

ரூட்டரையே உள்ள கொண்டாந்து வச்சா என்னன்னு காக்கா கேட்டாவ. அவுகளப் பெத்த மாமி, "வேண்டாம், அவன் வச்ச எடத்துலயே இருக்கட்டும்"னுட்டாவ. ஒயரத் தரையில இழுத்தா மாமி தட்டி விழுவாவ, ஏற்கெனவே முழங்கால் சரியில்ல. சுவர்ல ஓட்ட போட ஆள் வரணும். இத்தா வீட்டுக்குள்ள எந்த ஆள் வருவான்? யுஎஸ்பியில சொருகுற அடாப்டர் ஒண்ணு இருக்கு, அது ஒயர் இல்லாம நெட்ட இழுக்கும், வாங்கித் தாரேன்னு காக்கா போயிட்டாவ.

ஜூலை 11, வெள்ளி

அடாப்டர் வந்துட்டு. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கு. இத வைக்க முறுக்கு டப்பா சைசுல ஒரு பெட்டி. கூடவே குட்டியா ஒரு சிடி, அதப் போட்டாத்தான் ஓடுமாம். சிடிய எங்க போடுறது, என் தலையிலயா?

ஜெபராணி போன்ல சொல்லச் சொல்லச் செஞ்சேன். என் போனை ஒயர்ல கம்ப்யூட்டரோட மாட்டி, போன் நெட்ட எடுத்து, அடாப்டருக்கு வேண்டிய டிரைவர இறக்கினேன். போன் நெட்லயே வேலையும் பாத்துரலாம்தான், கம்பெனி விடாது. வீட்டு பிராட்பேண்டு லைன்தான் வேணுமாம்.

டிரைவர் ஏறினதும் வைஃபை பேருகள் வரிசையா வந்துச்சு. மூணாவதா "மசூது வீடு". அவுக வச்ச பேரு. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். போட்டேன். கனெக்ட் ஆயிட்டு. சிக்னல் ரெண்டு கோடு காட்டுது.

மத்தியானம் தண்ணிச்சோறும் துவையலும்.

ஜூலை 12, சனி

காலையில ஒருக்கா. மத்தியானம் ரெண்டு மணிவாக்குல ஒருக்கா. பொறவு எண்ணல.

ஜூலை 14, திங்கள்

இன்னைக்கு நாலு பேர் மவுத்து. ஹார்ட்டு ரெண்டு, கிட்னி ஒண்ணு, ஒண்ணு குளியலறையில வழுக்கி விழுந்தது. மெஷின் நாலையும் சரியாத்தான் எழுதியிருந்துச்சு. நான் ஒரு கமா மட்டும் போட்டேன்.

பக்கத்து வீட்டு மரியம் லாத்தா பாக்க வந்தாவ. நான் ஹெட்போன் மாட்டியிருக்கிறதக் கண்டுட்டு மாமிகிட்ட, "இத்தாவுல இருக்கிற பொம்பள அந்நிய ஆம்பள குரல கேக்கலாமா"ன்னு மெதுவா கேட்டாவ. மெதுவான்னா தெருவுக்கே கேக்கும். "லாத்தா, அவன் யாரோ ஒருத்தரோட ஈரல் வீங்கினதப் பத்திப் பேசிக்கிட்டிருக்கான். வாரீங்களா, நீங்களும் கேளுங்க"ன்னு ஹெட்போன நீட்டினேன். டீ கூடக் குடிக்காமப் போயிட்டாவ.

மாமி சிரிக்கல, திட்டவும் இல்ல. டம்ளர எடுத்துக்கிட்டுப் போயிட்டாவ.

ஜூலை 16, புதன்

மாமி கேட்டாவ, "ஏளா, நீ அழவே இல்லயேளா"ன்னு. "வேலை இருக்கு மாமி"ன்னேன். உண்மையிலேயே வேலை இருந்துச்சு. லைன்தான் இல்ல.

ஜூலை 18, வெள்ளி

ஜெபராணி பேசினா. சுத்தி வளைக்காமச் சொல்லிட்டா, அது அவகிட்ட எனக்குப் பிடிச்ச விசயம். வீட்டிலேர்ந்து வேலை செய்யுற எல்லாருக்கும் ஆகஸ்டு நாலாம் தேதி லைன் டெஸ்ட்டு. காலையில உக்காந்தா மத்தியானம் வரைக்கும் ஒருக்காகூட அறுக்கக்கூடாது. அறுந்தா ஐடிய மூடிருவாங்க. "உங்க ரிப்போர்ட்டப் பாத்தா எனக்கே பயமா இருக்குக்கா. எப்படியாவது லைனச் சரி பண்ணிருங்க. நான் சொல்லி நிறுத்த முடியாது, மேல உள்ளவங்க கம்ப்யூட்டரத்தான் நம்புவாங்க, என்னைய இல்ல"ன்னா.

சரிம்மான்னு வச்சுட்டேன்.

வேலை போனா என்ன ஆவும்னு உக்காந்து யோசிச்சேன். இத்தா முடிஞ்சதும் காக்கா வந்து கூட்டிட்டுப் போயிருவாவ. எனக்குப் பிள்ளை குட்டி இல்ல, இந்த வீட்டுல இருக்க என்னைக்காவது காரணம் கேப்பாங்க. காக்கா வீட்டுல மைனிக்கும் எனக்கும் ஒத்துக்கிடாது, ஒத்துக்கிட்ட மாதிரி ரெண்டு பேரும் நடிக்கணும். மாமி இங்க ஒத்தையில கெடப்பாவ. வேலை இருந்தா நான் யாரு வீட்டுக்கும் போவ வேண்டாம். அவ்வளவுதான் கணக்கு.

ஜூலை 20, ஞாயிறு

காக்கா வந்தாவ. மொச்சக்கொட்டையும் ஆட்டுக்கறியும் வாங்கிட்டு வந்தாவ. சாப்பிட்டு கைகழுவிட்டு ஆரம்பிச்சாவ.

"லைன் சரியில்லேன்னா எதுக்குளா மெனக்கெடுத? வுட்டுரு. நம்ம வீடு இருக்கு."

நான் தட்ட எடுத்து அடுக்கினேன். காக்கா வுடல.

"கடையநல்லூர்ல ஒருத்தரு. சவுதியிலேர்ந்து வந்துட்டாரு. பொண்டாட்டி தவறிட்டு. மூணு பிள்ளைக, பெரிசு பத்தாவது படிக்குது. நல்ல மனுசன்னு..."

"காக்கா, இத்தா முடியுமுன்ன இந்தப் பேச்சப் பேசக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? பள்ளிவாசல் கமிட்டியில வேற இருக்கீங்க."

"நான் எங்களா பேசினேன்? ஒருத்தரு இருக்காருன்னு சொன்னேன். ஊருல ஆயிரம் பேரு இருக்கான், சொல்லக்கூடாதா?"

மாமி அடுப்பங்கரையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருந்தாவ. கரண்டிச் சத்தம் நின்னுட்டு. நான் இந்த மாப்பிள்ளைப் பேச்ச வுட்டுட்டு, இந்த அடாப்டர் ஒண்ணுக்கும் ஆவாது, ஆண்டனா வச்சது ஒண்ணு வாங்கித் தாங்கன்னேன். காக்கா என்னையவே பாத்தாவ. வாங்கித் தாரேன்னு சொன்னாவ. கெட்ட ஆளு இல்ல. தங்கச்சி ஒத்தையில நிக்கக்கூடாதுன்னு நெனைக்காவ, அதுக்கு அவுகளுக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான்.

காக்கா போன பொறவு மாமி ராத்திரிக்கு எனக்குப் பிடிச்ச ரவை உப்புமா கிண்டினாவ. மாமிக்கு அது பிடிக்காது.

ஜூலை 23, புதன்

புது அடாப்டர். ரெண்டு ஆண்டனா, நீளமா, மடக்கி நிமித்தலாம். மாமி பாத்துட்டு, "என்னளா இது, கரப்பான்பூச்சி மீச மாதிரி"ன்னாவ. சரியாத்தான் சொன்னாவ.

சொருகினேன். ரெண்டு கோடு.

ஜூலை 24, வியாழன்

ஜெபராணி சொன்னபடி யுஎஸ்பிக்கு ஒரு நீட்டு ஒயர் மாட்டினேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால இருந்தா தகரம் மறைக்குமாம், வெளிய எடுத்து உசரத்துல வைக்கணுமாம். ஜன்னல் கம்பியில கட்டினேன், ஒரு கோடு. கொடியில துணியோட துணியாத் தொங்கவிட்டேன், ரெண்டு. பீரோ மேல வச்சேன், ஒண்ணு. முன்னறைக்குப் போற வாசல்ல, திரைச்சீலைக் கம்பியிலயே கட்டித் தொங்கவிட்டேன். அதுக்கு அந்தப் பக்கம் நாலு எட்டு வச்சா ரூட்டர். அப்பவும் ரெண்டு.

அடாப்டர மாத்தினா சரியாவும்னு நெனச்சேன். இப்ப என்னத்த மாத்துறது?

மாமிகிட்ட, "அந்தப் பொட்டி ஓடுதா மாமி, லைட்டு எரியுதா"ன்னு கேட்டேன். "எல்லாம் எரியுது. நல்லா எரியுது"ன்னாவ, ரொம்பக் கோவமா.

ஜூலை 26, சனி

மத்தியான வெயில் ஏற ஏற லைன் சுத்தமாச் செத்துப்போவுது. சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பொறவு தானா வருது. கரண்டு போவல. காரணம் தெரியல.

மாமி சொன்னாவ, "முன்னறையிலேயே போயி உக்காந்து வேலை செய்யேன்ளா. இப்ப யாரு வாரா?"

"ஆம்பளைக வருவாங்க மாமி."

"எந்த ஆம்பள வாரான்? பதினஞ்சு நாளாச்சு ஒருத்தன் எட்டிப் பாத்து. கதவப் பூட்டிக்கிட்டு உக்காரு."

"இத்தாவுல இருக்கேன்ல மாமி."

மாமி என்னைய ஒரு பார்வை பாத்தாவ. இத்தாவுக்கும் முன்னறைக்கும் என்ன சம்பந்தம், ஒரே வீடுதானன்னு கேக்கல. கேட்டுருவாவளோன்னு துணி துவைக்கணும்னு எந்திரிச்சுட்டேன். துவைக்க ஒண்ணும் இல்ல, தலையணை உறையக் கழட்டித் துவைச்சேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஜெபராணி வீடியோவுல கேட்டா, எந்த அறை எங்க இருக்குன்னு. ஒரு தாளுல வரைஞ்சு காட்டினேன். அவ தலைய ஆட்டுறா.

"இது ஒரு சுவருக்கு வர்ற சிக்னலே இல்லக்கா. எங்க வீட்டுல ரெண்டு மாடி தாண்டி மூணு கோடு வருது. ரூட்டருக்கு முன்னால இரும்பு பீரோ, கண்ணாடி, அது மாதிரி எதாவது நிக்குதா?"

"பீரோ உள்ளறையிலதான் இருக்கு."

"அங்க என்ன இருக்குன்னு போய்ப் பாத்தீங்களாக்கா?"

"பாக்கேன்."

"இப்பப் பாருங்களேன், நான் லைன்ல இருக்கேன்."

"இப்ப முடியாதும்மா. பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஜூலை 30, புதன்

பாக்கல.

ஜூலை 31, வியாழன்

பாக்கல. புளி ஊறவச்சு மீன் கொழம்பு.

ஆகஸ்டு 1, வெள்ளி

ஜும்ஆ முடிஞ்சு காக்கா போன் பண்ணினாவ. டெஸ்ட்டு என்னைக்குன்னு கேட்டாவ. திங்கள்னேன். ஆவட்டும், ஆவாட்டா நான் வந்து பேசிக்கிடுதேன்னாவ. ஆவாட்டாங்கிறத சந்தோசமாச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டுச்சு. என் காதுதான் கோணலோ என்னமோ.

ஆகஸ்டு 2, சனி

இன்னைக்கு நடந்தத வரிசையா எழுதுதேன், அப்பத்தான் எனக்கே புரியும்.

காலையிலேர்ந்தே லைன் இல்ல. ஒரு கோடுகூட இல்ல. "மசூது வீடு"ங்கிற பேரே வரல. அடாப்டரக் கழட்டி மாட்டினேன். கம்ப்யூட்டர அணைச்சுப் போட்டேன். அந்தப் பேரு இருந்த எடத்துல எதுத்த வீட்டுக்காரன் பேரு நிக்குது. திங்கக்கிழமை டெஸ்ட்ட வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? மாமி கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தாவ.

போனேன். திரையத் தூக்கி அந்தப் பக்கம் கால வச்சேன். ஒண்ணும் ஆவல. அதே சிமெண்டுத் தரை. பாயச் சுருட்டி மூலையில நிப்பாட்டியிருக்கு. அவுகள அடக்கத்துக்குத் தூக்கிட்டுப் போன சந்தூக்கு வச்சிருந்த எடத்துல இப்ப ஒண்ணும் இல்ல. அந்த எடத்த மிதிக்காம சுவரோரமாவே போனேன்.

ரூட்டர் இருக்க வேண்டிய தட்டுல தேக்சா கவுந்து கெடக்கு. பெருநாளைக்குப் பிரியாணி ஆக்குவோமே, அந்தச் சின்ன அலுமினியத் தேக்சா. அதுக்கடியிலேர்ந்து ஒயரு ரெண்டும் எலிவாலு மாதிரி வெளிய வருது.

தூக்கினேன். கை சுட்டுட்டு. அடுப்பிலேர்ந்து இறக்கின மாதிரி சூடு. உள்ள ரூட்டர் வெந்து போய்க் கெடக்கு, ஒரு லைட்டும் எரியல.

எனக்கு வந்த கோவம் இருக்கே! தேக்சாவத் தரையில போட்டேன், தெருவுக்கே கேட்டிருக்கும். இத்தன நாளா மீசை வச்ச அடாப்டர், மீசை வைக்காத அடாப்டர், கொடியில கட்டி, கம்பியில கட்டி, பைத்தியக்காரி மாதிரி சுத்தியிருக்கேன். இங்கன சட்டியக் கவுத்துப் போட்டிருக்கு!

மாமி ஈரக்கையோட ஓடியாந்தாவ.

"யாரு மாமி செஞ்ச வேலை இது?"

மாமி தரையில கெடந்த தேக்சாவையே பாத்தாவ.

"அலுமினியத்தப் போட்டு மூடினா நெட்டு எப்படி வெளிய வரும்? என் வேலை போவணும்னு ஆசையா உங்களுக்கு? காக்காவோட போயித் தொலையட்டும்னா நேராச் சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான!"

மாமி நின்ன எடத்துலயே உக்காந்துட்டாவ. அப்பவும் அந்த எடத்த வுட்டுத் தள்ளித்தான் உக்காந்தாவ. அவுகளும் மிதிக்கிறதில்லன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

"மூடினா வராதாளா?"ன்னாவ. சின்னப் பிள்ளை கேக்குற மாதிரிக் கேட்டாவ. "எனக்குத் தெரியாதுளா. லைட்டத்தான் மூடினேன்."

பொறவு சொன்னாவ. அவுக மவுத்தான அன்னைக்கு, இங்க கெடக்கும்போது மாமிதான் தலைமாட்டுல இருந்தாவ. நான் வெந்நி வைக்க உள்ள போயிருந்தேன். மூச்சு நின்னத மாமிதான் பாத்தாவ. நிமிந்து பாத்தா அவுக தலைக்கு மேல தட்டுல இது மினுக்கிக்கிட்டிருந்துச்சாம். பச்ச பச்சயா, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

"எம் புள்ள மூச்சு நின்னுட்டு, இது நிக்கல. குளிப்பாட்டும்போதும் மினுக்குது, சந்தூக்கத் தூக்கும்போதும் மினுக்குது. அன்னைக்கு இங்கன படுத்தேன், கண்ண மூடினாலும் மினுக்குது. துண்டப் போட்டுப் பாத்தேன், துண்டு வழியாவும் தெரியுது. நீ கம்ப்யூட்டர உள்ள கொண்டு போன அன்னைக்கு, இனி நீ இங்கன வர மாட்டன்னு தேக்சாவக் கவுத்தேன்."

"சுவிச்ச அணைச்சிருக்கலாம்ல மாமி."

"அணைச்சா உன் வேலை போயிருமேளா."

என் வேலை போயிரக்கூடாதுன்னுதான் தேக்சா. அந்தத் தேக்சாவாலதான் என் வேலை போவப் பாத்துச்சு. நான் போயிருவேன்னு இந்த மனுசி தினம் பயந்திருக்காவ, காக்கா வந்தா கரண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்காவ. என்னைய வெளிய அனுப்புற வேலைய அவுக கையே செஞ்சிருக்கு.

கத்தினதுக்கு மன்னிச்சிருங்க மாமின்னேன். "கத்து. நல்லாக் கத்து. கத்தவாவது செய்தியே"ன்னாவ.

விசிறி எடுத்து ரூட்டருக்கு வீசினோம், ரெண்டு பேரும் மாறி மாறி. யாராவது பாத்திருந்தா இந்த வீட்டுல ரெண்டும் கழண்டுட்டுன்னு சொல்லியிருப்பாவ. சூடு ஆறினதும் சுவிச்சப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் வரல. பொறவு ஒவ்வொண்ணா எரிஞ்சுது. மாமி முகத்தத் திருப்பிக்கிட்டாவ.

மேசை டிராயர்ல எங்க வீட்டுக்காரவுக வச்சிருந்த கறுப்பு டேப்பு கெடந்துச்சு, கரண்டு ஒயருக்குச் சுத்துவாங்களே அது. சின்னச் சின்னத் துண்டாக் கிழிச்சேன். "லைட்டு மேல ஒட்டிரலாம் மாமி. இது மறைச்சா ஒண்ணும் ஆவாது, நெட்டு வரும்."

முதல் லைட்ட மூடினேன். ரெண்டாவத மூடினேன். மாமி மெதுவாத் திரும்பிப் பாத்தாவ.

"இதெல்லாம் என்னதுளா?"

"இது கரண்டு. இது வெளியிலேர்ந்து வார லைன். இது இன்டர்நெட்டு. கடைசியில இருக்கிறது வைஃபை, நான் உள்ள வேலை செஞ்சேன்னா இது மினுக்கும்."

"நீ செஞ்சாத்தானா?"

"வேற யாரு இருக்கா மாமி, நான்தான்."

மாமி கிட்ட வந்து அந்தக் கடைசி லைட்டப் பாத்தாவ.

"அப்ப அத மூடாத. அது மட்டும் இருந்துட்டுப் போவட்டும். நீ உள்ள இருக்கன்னு நான் தெரிஞ்சுக்கிடுவேன்."

மூணுக்குத்தான் டேப்பு ஒட்டினேன். உள்ள வந்து பாத்தா நாலு கோடு.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஒருக்காகூட அறுக்கல.

ஆகஸ்டு 4, திங்கள்

காலையில சுபுஹு தொழுதுட்டு மாமி சொல்லிட்டாவ, இன்னைக்கு அடுப்புப் பக்கம் வராத, பழஞ்சோறு இருக்குன்னு. ஒன்பது மணிக்கு ஹெட்போன மாட்டினேன். ஜெபராணி ஒரே வார்த்தை டைப் பண்ணினா, "ஆல் த பெஸ்ட்க்கா"ன்னு. பொறவு ஆடியோ ஓட ஆரம்பிச்சுது.

ஒரு கெழவி, எம்பது வயசு, இடுப்பெலும்பு. ஒருத்தனுக்குச் சக்கரை. ஒரு பிள்ளைக்கு மூக்குல பாசி மணி மாட்டிக்கிட்டு. நான் நேரத்தப் பாக்கல. அந்தக் கோட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பதினோரு மணிவாக்குல நாலு கோடு மூணாச்சு. மூணுலயே நின்னுச்சு. வெயில் ஏறுற நேரம் வந்துச்சு, லைன் தினம் சாவுற நேரம். சாவல.

முன்னறையில மாமி தஸ்பீஹு மணி உருட்டுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. காலையிலேர்ந்து அந்தத் தட்டுக்கு எதிரே நாற்காலியப் போட்டு உக்காந்திருந்தாவ. ஒருத்தரும் சொல்லல, அவுகளாத்தான்.

லுஹர் பாங்கு சொல்லி முடிஞ்சதும் ஸ்கிரீன்ல பச்சையா ஒரு பெட்டி வந்துச்சு. டெஸ்ட்டு முடிஞ்சுதுன்னு. ஜெபராணி உடனே போன் பண்ணினா. "ஒரு டிராப் கூட இல்லக்கா! என்னதான் செஞ்சீங்க? எந்த அடாப்டர் வாங்கினீங்க, பேரு சொல்லுங்க, மத்தவங்களுக்கும் சொல்லுதேன்"ன்னா. அடாப்டர் இல்லம்மா, ஒரு சட்டிய எடுத்தேன்னேன். அவளுக்குப் புரியல. பொறவு சொல்லுதேன்னுட்டேன்.

காக்காவுக்கும் போன் போட்டேன். "வேலை நிக்குது காக்கா. இத்தா முடிஞ்சாலும் நான் இங்கதான் இருப்பேன், மாமியோட. நீங்க ஆட்டுக்கறி வாங்கிட்டு வாங்க, வேற ஒண்ணும் கொண்டாராதீங்க." "சரிளா, மாமிய நல்லாப் பாத்துக்கோ"ன்னாவ.

எல்லாம் ஆச்சு. கழுத்து வலிச்சுது. லுஹர் தொழுதுட்டு வந்து, கொஞ்சம் படுக்கலாம்னு கம்ப்யூட்டர அணைச்சேன்.

அணைச்சதுதான். முன்னறையிலேர்ந்து ஒரு சத்தம்.

"ஏளா! ஏளா ஹிதாயா! ஏளா!"

அப்படி ஒரு குரல் மாமிகிட்டேர்ந்து நான் கேட்டதில்ல. அவுக மவுத்தான அன்னைக்குக்கூடக் கேட்டதில்ல, அன்னைக்கு மாமி "யா அல்லா"ன்னு ஒருக்காதான் சொன்னாவ. நான் ஓடினேன். திரையத் தூக்கினனா கிழிச்சனான்னு தெரியல. மாமி நாற்காலியப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கப் பாத்து, கால் வராம, அந்தத் தட்டையே பாத்துக் கத்திக்கிட்டிருக்காவ.

"நின்னுட்டுளா... மினுக்கிக்கிட்டே இருந்துச்சு, டக்குனு நின்னுட்டு..."

"மாமி, இருக்கேன் மாமி. இந்தா இருக்கேன். கம்ப்யூட்டரத்தான் அணைச்சேன். நான் இருக்கேன்."

என் ரெண்டு கையையும் புடிச்சு, முகத்தத் தடவி, தோளத் தடவிப் பாத்தாவ. இருக்கேன் மாமி, இருக்கேன் மாமின்னு திருப்பித் திருப்பிச் சொன்னேன், சொல்லச் சொல்லத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. எங்க இருந்துச்சோ அம்புட்டும். நெஞ்சு வலிக்க வலிக்க அழுதேன். எங்க வீட்டுக்காரவுக பேரச் சொல்லி அழுதேன், உசிரோட இருந்தப்ப ஒருநாளும் பேரச் சொன்னதில்ல.

மாமி என்னையப் புடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்தாவ, நானும் உக்காந்தேன். எங்க உக்காந்திருக்கோம்னு ரெண்டு பேரும் பாக்கல. அவுகளக் கிடத்தியிருந்த எடந்தான். ரொம்ப நேரம் அங்கனயே உக்காந்திருந்துட்டு, அசருக்குப் பாங்கு சொன்ன பொறவு எந்திரிச்சு, தொழ ஒளு செய்யப் போனோம்.